டீசல் மோட்டார்ஹோமில் இன்ஜின் பிரேக் எப்போது பிடிக்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்பக்கம் இன்ஜின் வைத்த பெரிய டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) ஓட்டுபவர்களிடம் இன்ஜின் பிரேக் பற்றி, அதாவது இன்ஜினின் தடையைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு பற்றிப் பேசினால் இரண்டு குறைகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே வண்டி வெடுக்கென்று இழுத்துப் பிடிக்கிறது, உள்ளே இருப்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள் என்பது. இன்னொன்று, நல்ல இறக்கத்தில் தேவைப்படும்போது அது பிடிக்கவே மாட்டேன் என்கிறது என்பது. பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் பழுது இல்லை. பிரேக் எந்த நேரத்தில், எந்த கியரில் வேலைக்கு வர வேண்டும் என்ற அமைப்புதான் அந்த ஓட்டுநருக்குப் பொருந்தாமல் இருக்கிறது. அந்த அமைப்பில் ஒரு பகுதி இன்ஜின் கணினியிலும், இன்னொரு பகுதி கியர்பாக்ஸின் கணினியிலும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால் வேலை எளிது.

இன்ஜின் பிரேக் என்பது ஒரே பொருளா? என் வண்டியில் இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெட்ரோல் இன்ஜினில் காலை எடுத்தால் உள்ளே போகும் காற்று அடைபட்டு, அந்தத் தடையிலேயே வேகம் குறையும். டீசல் இன்ஜினில் அந்தத் தடை பெரும்பாலும் கிடையாது. காலை எடுத்தாலும் வண்டி தாராளமாக உருண்டுகொண்டே போகும். அதனால்தான் டீசலுக்குத் தனியாக ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது. மோட்டார்ஹோம்களில் நான்கு வகைகளைப் பார்க்கலாம்.

முதலாவது எக்ஸாஸ்ட் பிரேக். புகைக்குழாயில், டர்போவுக்கு (புகையின் வேகத்தால் சுழன்று இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) அடுத்து, ஒரு தகடு மூடிக்கொள்ளும். வெளியேற வழியில்லாத புகை பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும். இரண்டாவதும் அதே தத்துவம்தான், ஆனால் தனித் தகடு இல்லை. டர்போவே தன் உள்வழியைச் சுருக்கிக்கொண்டு புகையைத் தடுக்கும். 2007-க்குப் பின் வந்த கம்மின்ஸ் நிறுவனத்தின் 6.7 லிட்டர் இன்ஜின்களில் இந்த வகை டர்போ உண்டு.

மூன்றாவது கம்ப்ரெஷன் பிரேக். ஜேக் பிரேக் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பிஸ்டன் மேலே வந்து காற்றை அழுத்தி முடிக்கும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து, அழுத்திய காற்றை வெளியே விட்டுவிடும். அழுத்துவதற்குச் செலவான சக்தி திரும்பக் கிடைக்காது, வண்டி வேகம் இழக்கும். இதைக் கண்டுபிடித்தவர் கம்மின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1931-இல் டீசல் லாரி ஒன்றில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தபோது, கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. கீழே ரயில்பாதையைக் கடந்துகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்த நினைப்பு அவரை விடவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் வடிவமைத்த பிரேக்கை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நான்காவது ரிடார்டர். இது இன்ஜினில் இல்லை, கியர்பாக்ஸுக்குள் எண்ணெயை வைத்துச் சுழற்சியைத் தடுப்பது. கனமான சில மோட்டார்ஹோம்களில் மட்டும் இருக்கும்.

அடையாளம் காண எளிய வழி டேஷ்போர்டு ஸ்விட்ச். வெறும் ஆன், ஆஃப் மட்டும் இருந்தால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் அல்லது டர்போ வகை. ஆன், ஆஃப் ஸ்விட்சோடு குறைவு, அதிகம் என்று இன்னொரு ஸ்விட்ச் இருந்தால் பெரும்பாலும் கம்ப்ரெஷன் பிரேக். ஸ்டீயரிங் பக்கத்தில் பல நிலைகள் உள்ள கைப்பிடி இருந்தால் ரிடார்டராக இருக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் இன்ஜின் சீரியல் எண்ணைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கேளுங்கள்.

ஸ்விட்சைப் போட்டாலே பிரேக் பிடித்துவிடுமா?

இல்லை. ஸ்விட்ச் அனுமதி கொடுக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல நிபந்தனைகள் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும். ஆக்சிலரேட்டர் முழுவதும் விடுபட்டிருக்க வேண்டும். இன்ஜின் சுழற்சி ஓர் அளவுக்கு மேல் இருக்க வேண்டும். கியர்பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப் நிலையில் இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்துகொண்டிருக்கக் கூடாது. இன்ஜின் ஓரளவு சூடாகியிருக்க வேண்டும்.

இதில் லாக்-அப் மிக முக்கியம். டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் வழியாகத்தான் இன்ஜினும் கியர்பாக்ஸும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருக்கும் கிளட்ச் பூட்டிக்கொண்டால்தான் இரண்டும் ஒரே தண்டாகச் சுற்றும். பூட்டாத நிலையில் இன்ஜின் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் அது சக்கரத்துக்கு முழுதாகப் போய்ச் சேராது. அதனால்தான் ஆலிசன் போன்ற நிறுவனங்களின் தானியங்கி கியர்பாக்ஸ்கள் லாக்-அப் ஆன பிறகே இன்ஜின் பிரேக்குக்குப் பச்சைக்கொடி காட்டும்.

காலை எடுத்தவுடன் வண்டி ரொம்பக் கடுமையாக இழுக்கிறது. இன்ஜின் பிரேக்கின் பலத்தைக் குறைக்க முடியுமா?

குறைவு, அதிகம் என்று இரண்டு நிலை இருந்தால் முதலில் குறைவு நிலையில் ஓட்டிப் பாருங்கள். கம்ப்ரெஷன் பிரேக்கில் அந்த நிலையில் எல்லா சிலிண்டர்களும் பிரேக் வேலைக்கு வராது. ஆறு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு நிலை அமைப்பு என்றால் பொதுவாக மூன்று, ஆறு என்று இருக்கும்.

ஆன், ஆஃப் மட்டும் உள்ள வண்டியில் நீங்கள் உணரும் கடுமையில் பெரும் பங்கு பிரேக்கினுடையது அல்ல, கியர் இறங்குவதால் வருவது. இன்ஜின் பிரேக் வேலைக்கு வந்ததும் கியர்பாக்ஸுக்கும் ஒரு செய்தி போகிறது. அது உடனே ஒரு குறிப்பிட்ட கியரை இலக்காக வைத்துக்கொண்டு, வேகம் குறையக் குறைய ஒவ்வொரு கியராக இறங்கிக்கொண்டே போகும். இந்த இலக்கு கியர் முன்கூட்டியே கணினியில் எழுதப்பட்டிருக்கிறது. பல மோட்டார்ஹோம்களில் இது 2-ஆம் கியர்.

எண்களில் பார்த்தால் தெளிவாகப் புரியும். ஆலிசன் 3000 எம்.எச். கியர்பாக்ஸில் 1 முதல் 6 வரையான கியர்களின் விகிதங்கள் 3.49, 1.86, 1.41, 1.00, 0.75, 0.65. நீங்கள் 6-ஆம் கியரில், இன்ஜின் நிமிடத்துக்கு 1,400 சுற்றில், நெடுஞ்சாலையில் போகிறீர்கள் என்று வையுங்கள். காலை எடுக்கிறீர்கள். 5-ஆம் கியருக்கு இறங்கினால் சுற்று சுமார் 1,600. அதே வேகத்தில் 4-ஆம் கியருக்கு இறங்கினால் சுமார் 2,150. 3-ஆம் கியர் என்றால் 3,000-ஐத் தாண்டும், அதைக் கணினி அனுமதிக்காது. வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகு அதே 3-ஆம் கியரில் சுற்று சுமார் 2,000-க்கு வந்துவிடும், அப்போது இறங்கிவிடும். பிறகு 2-ஆம் கியருக்கும் அப்படித்தான். ஆக, இன்ஜின் எப்போதும் உயர்ந்த சுற்றிலேயே இருக்கிறது. எக்ஸாஸ்ட் பிரேக்கின் பலம் சுற்று ஏற ஏறக் கூடும் என்பதால், வண்டி ஏறக்குறைய நிற்கும் வரை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டே வரும்.

மலை இறக்கத்தில் இது வரம். வண்டிகள் நெருங்கி ஊரும் சாலையில், ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் இது நடந்தால் யாருக்கும் பிடிக்காது.

என் வண்டியில் இலக்கு கியர் எது என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். கியரைத் தேர்ந்தெடுக்கும், பட்டன் வைத்த ஷிஃப்ட் பேடில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று நீங்கள் தேர்ந்தெடுத்த கியர், இன்னொன்று கியர்பாக்ஸ் இப்போது உண்மையில் இருக்கும் கியர். சாதாரணமாக ஓடும்போது இரண்டும் 6 என்று காட்டலாம். காலியான சாலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காலை எடுங்கள். தேர்வு எண் சட்டென்று 2 அல்லது 4 என்று மாறும். அதுதான் உங்கள் இலக்கு கியர். உண்மையான கியரின் எண் 5, 4 என்று மெதுவாக இறங்கி வரும். பேடைப் பார்க்கும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள், உங்கள் கண் சாலையில் இருக்கட்டும்.

2-ஆம் கியரா, 4-ஆம் கியரா? எது நல்லது?

இதில் என் கருத்து தெளிவானது. எக்ஸாஸ்ட் அல்லது டர்போ வகை பிரேக் உள்ள கனமான வண்டியில், மலைப்பாதையில் அதிகம் போகிறவர்கள் 2-ஆம் கியரிலேயே விட்டுவிடலாம். அந்த வகை பிரேக்குக்குச் சுற்று வேண்டும், சுற்று வேண்டுமானால் கியர் இறங்க வேண்டும். பதற்றமான நேரத்தில் கையால் எதையும் செய்யாமலே வண்டி தானாக இறங்குவது பெரிய பாதுகாப்பு.

கம்ப்ரெஷன் பிரேக் உள்ள வண்டிக்கு 4 பொருத்தம். அதன் பலமே அதிகம். பெரிய இன்ஜின்களில் இழுக்கும் திறனுக்கு நெருக்கமாகவே பிடிக்கும் திறனும் இருக்கும். 4-ஆம் கியர் போதாத செங்குத்தான இறக்கத்தில் ஷிஃப்ட் பேடில் உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி 3-க்குப் போகலாம்.

சமவெளியில்தான் அதிகம் ஓட்டம், எப்போதாவது மலை என்பவர்கள் எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியிலும் 4 கேட்டு மாற்றிக்கொள்வது உண்டு. தவறில்லை. ஆனால் அப்படி மாற்றியவர் இறக்கத்தில் தானே அம்புக்குறியைப் பயன்படுத்தப் பழகியே ஆக வேண்டும். பழகாமல் 4-க்கு மாற்றினால், முன்பு கணினி செய்த வேலையைச் செய்ய யாரும் இல்லாமல் போகும். வண்டியைக் குடும்பத்தில் இன்னொருவரும் ஓட்டுவார் என்றால் அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மாற்றாமலே சமாளிக்கும் வழியும் இருக்கிறது. நெரிசலில் ஸ்விட்சை ஆஃப் செய்துவிடுங்கள். கைக்கு எட்டும் இடத்தில் அந்த ஸ்விட்ச் இருப்பது அதற்குத்தான். பல வண்டிகளில் கியர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி இலக்கை உயர்த்தவும் முடியும். உங்கள் வண்டியில் இது வேலை செய்கிறதா என்று சமதளமான காலிச் சாலையில் பார்த்துவிடுங்கள்.

இதை யார் மாற்றித் தருவார்கள்? நானே செய்யலாமா?

கியர்பாக்ஸ் கணினிக்குள் இருப்பதால், அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்தான் மாற்ற முடியும். அவர்களிடம் உள்ள மென்பொருளை வண்டியின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் இணைத்துச் செய்கிறார்கள். எதையும் கழற்ற வேண்டியதில்லை. இலக்கு கியரை அவர்கள் ப்ரீசெலக்ட் கியர் என்பார்கள், அதனால் கேட்கும்போது "இன்ஜின் பிரேக் ப்ரீசெலக்ட் கியரை 2-லிருந்து 4-க்கு மாற்ற வேண்டும்" என்று இதே சொற்களில் கேளுங்கள். "பிரேக்கைக் கொஞ்சம் மென்மையாக்குங்கள்" என்று சொன்னால் வேறு எதையாவது தொட்டுவிடுவார்கள். மாற்றும் முன் பழைய அமைப்பை அச்செடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போக வேண்டும் என்றால் அது உதவும்.

காலை எடுத்ததும் வேண்டாம், பிரேக் பெடலைத் தொட்டால் மட்டும் இன்ஜின் பிரேக் வர வேண்டும். முடியுமா?

இன்ஜினையும் அதன் கணினியையும் பொறுத்தது. கம்மின்ஸ் போன்ற மின்னணு இன்ஜின்கள் பலவற்றில் இப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. இது இன்ஜின் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் செய்யும் வேலை, கியர்பாக்ஸ் சென்டரின் வேலை அல்ல. மாசுக் கட்டுப்பாட்டுக்கு இதில் சம்பந்தம் இல்லை. வண்டி உரிமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்ட அமைப்புகளில் இதுவும் ஒன்று.

இதன் நன்மை, காலை எடுத்தால் வண்டி இயல்பாக உருளும். வேகம் குறைக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்து பெடலைத் தொட்டால்தான் இன்ஜின் பிரேக் சேரும். சில இன்ஜின்களில் ஒருமுறை தொட்டுவிட்டு எடுத்தாலும், அடுத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் வரை இன்ஜின் பிரேக் தொடர்ந்து இருக்கும்படி வைக்கலாம். பெடல் முறை வேண்டும் என்பவர்களுக்கு இந்தத் தொடரும் வகையைத்தான் பரிந்துரைப்பேன். தொடராத வகையில், நீண்ட இறக்கம் முழுக்க இன்ஜின் பிரேக் வேண்டுமானால் பெடலில் காலை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது கால் பிரேக்கும் லேசாக உரசிக்கொண்டே வரும். கால் பிரேக் சூடாகாமல் காக்கத்தான் இன்ஜின் பிரேக், அதுவே கால் பிரேக்கைச் சூடாக்கக் காரணமாகிவிடக் கூடாது.

மலையில் ஓட்டுபவர் என்றால், காலை எடுத்ததும் பிடிக்கும் முறையை விட்டு மாறாதீர்கள். ஸ்விட்சை வைத்து எப்போது வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்வது அதைவிட நல்ல பழக்கம்.

காலை எடுத்து ஒன்றிரண்டு விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது. இது பழுதா?

பெரும்பாலும் இல்லை. லாக்-அப் பூட்ட நேரம் வேண்டும், கியர் இறங்க நேரம் வேண்டும், தகடு வகையில் தகட்டை மூடும் காற்று சிலிண்டர் நகர நேரம் வேண்டும். இவற்றோடு, வேண்டுமென்றே வைத்த தாமதமும் உண்டு. நெளிவான சாலையில் ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதிப்பவருக்கு ஒவ்வொரு முறையும் பிரேக் தட்டாமல் இருக்க அது உதவும். பல மின்னணு இன்ஜின்களில் இந்தத் தாமதத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். எந்த வேகத்துக்குக் கீழே இன்ஜின் பிரேக் விலகிவிட வேண்டும் என்பதையும் அதே இடத்தில் மாற்றலாம். "நிற்கும் முன் கடைசி நேரத்தில் ஒரு குலுக்கல்" என்று குறை சொல்பவர்களுக்கு இந்தக் குறைந்தபட்ச வேகத்தைச் சற்று உயர்த்தினாலே தீர்ந்துவிடுவது உண்டு.

வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டிருக்கும்போது என்ன நடக்கும்?

வண்டிக்கு வண்டி வேறுபடும். சிலவற்றில் க்ரூஸ் போட்டிருக்கும் வரை இன்ஜின் பிரேக் வராது. வேறு சிலவற்றில், நீங்கள் வைத்த வேகத்தை வண்டி சில கிலோமீட்டர் தாண்டிவிட்டால் இன்ஜின் பிரேக் தானாக வந்து பிடிக்கும், வேகம் திரும்பியதும் விலகும். இந்த வசதியை ஆன் செய்யலாமா, எவ்வளவு தாண்டிய பிறகு வர வேண்டும், இரண்டாம் நிலை எப்போது சேர வேண்டும் என்பதெல்லாம் இன்ஜின் கணினியில் உள்ள அமைப்புகள்.

மேடு பள்ளமாக வரும் சாலையில் இடைவெளி மிகச் சிறியதாக இருந்தால் எரிச்சலூட்டும். ஒவ்வொரு சிறு இறக்கத்திலும் கியர் இறங்கி, இன்ஜின் இரைந்து, உடனே ஏற்றத்தில் மறுபடி கியர் ஏறும். இடைவெளியைச் சற்று அகலமாக வைத்தால் சின்னச் சின்ன இறக்கங்களில் வண்டி இயல்பாக உருண்டு, அடுத்த ஏற்றத்துக்கு அந்த வேகம் உதவும். நீண்ட செங்குத்தான இறக்கத்தில் மட்டும் க்ரூஸை எடுத்துவிட்டு நீங்களே ஓட்டுங்கள்.

இறக்கத்தில் பிடிக்கவே இல்லை, அல்லது சில நேரம் மட்டும் பிடிக்கிறது. எங்கே பார்ப்பது?

முதலில் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஏபிஎஸ்ஸில் பழுது இருந்தால் பல வண்டிகளில் இன்ஜின் பிரேக் வராது. சக்கரத்தின் சென்சார் ஒன்று கோளாறானதற்கு இன்ஜினைப் பிரித்துப் பார்த்துப் பயனில்லை.

அடுத்து ஆக்சிலரேட்டர் பெடல். தரைவிரிப்பு பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தாலோ, பெடல் சென்சார் தேய்ந்து "முழுவதும் விடவில்லை" என்று கணினிக்குச் சொன்னாலோ பிரேக் வராது. காலை பெடலின் மேல் லேசாக வைத்து ஓட்டும் பழக்கமும் இதையே செய்யும். ஒரு துளி மிதி இருந்தாலும் இன்ஜின் பிரேக் விலகிவிடும்.

இரண்டும் சரி என்றால் சுற்றைப் பாருங்கள். மிகக் குறைந்த சுற்றில் இறக்கத்தில் நுழைந்தால், லாக்-அப் விட்டுப்போய் பிரேக்கும் விலகும். ஒரு கியர் இறக்கிப் பாருங்கள். தகடு வகையில், கரி படிந்து தகடு சிக்கிக்கொள்வது பழைய நோய். வண்டி நிற்கும்போது ஒருவர் ஸ்விட்சை இயக்க, இன்னொருவர் காற்று சிலிண்டரின் கம்பி முழுதாக நகர்கிறதா என்று பார்க்கலாம். சில வண்டிகளில் நிற்கும்போது அது இயங்காது, அதையும் மனதில் வையுங்கள். தகடு வகையோ டர்போ வகையோ, அடிக்கடி பயன்படுத்தினால் சிக்கும் வாய்ப்பு குறையும். சமவெளியிலும் அவ்வப்போது போட்டு ஓட்டுங்கள்.

பின்னால் கார் கட்டி இழுத்துப் போகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. இன்ஜின் பிரேக் பிடிப்பது மோட்டார்ஹோமின் ஓட்டுசக்கரங்களை மட்டும். பின்னால் வரும் காருக்கு அது தெரியாது, கார் இணைப்புக் கம்பியைத் தள்ளிக்கொண்டு வரும். அதனால் இழுக்கும் எடையையும் சேர்த்துத்தான் உங்கள் இன்ஜின் பிரேக் சமாளிக்கிறது.

சிக்கல் வேறொரு இடத்தில் வருகிறது. காருக்குள் வைக்கும் துணை பிரேக் கருவிகளில் சில, வேகம் குறைவதை உணர்ந்து தானாகக் காரின் பிரேக்கை அழுத்தும் வகை. மோட்டார்ஹோமில் இன்ஜின் பிரேக் வலுவாகப் பிடிக்கும்போது அந்தக் கருவி அதைச் சாதாரண பிரேக் என்று நினைத்துக் காரின் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரலாம். நீண்ட இறக்கத்தில் இது நடந்தால் காரின் பிரேக் புகைந்துவிடும், முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. பிரேக் விளக்கு எரிந்தால் மட்டும் வேலை செய்யும்படி அந்தக் கருவியை அமைப்பது ஒரு தீர்வு. ஆனால் சில மோட்டார்ஹோம்களில் இன்ஜின் பிரேக் வந்தாலே பிரேக் விளக்கும் எரியும். அப்படியானால் அந்தத் தீர்வும் பலிக்காது. எனவே முதலில் உங்கள் வண்டியில் விளக்கு எரிகிறதா என்று பின்னால் வரும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கருவியின் உணர்திறனைக் குறையுங்கள், அல்லது கால் பிரேக்கின் காற்றழுத்தத்தை நேரடியாக வைத்து இயங்கும் வகைக்கு மாறுங்கள். இரண்டாவதுதான் எனக்கு நிம்மதி தரும் வழி.

இறக்கத்தில் எந்த வேகத்தில் இருக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது?

15 டன் எடையுள்ள வண்டி 6 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 6 மீட்டர் இறங்கும் சாலையில், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இறங்குகிறது என்று கணக்குப் போடுவோம். புவியீர்ப்பு அதைத் தள்ளும் சக்தி சுமார் 196 கிலோவாட், அதாவது 260 குதிரைத்திறனுக்கு மேல். அதே இறக்கத்தில் 50 கி.மீ. என்றால் சுமார் 123 கிலோவாட். காற்றும் டயர் உருளலும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை இன்ஜின் பிரேக்கும் கால் பிரேக்கும் பங்கு போட வேண்டும். வேகம் குறைந்தால் அடக்க வேண்டிய சக்தி அதே விகிதத்தில் குறைகிறது. கியரையும் இறக்கிவிட்டால் குறைந்த வேகத்திலும் இன்ஜின் உயர்ந்த சுற்றில் இருப்பதால் பிரேக்கின் பலம் குறைவதில்லை. இரண்டும் ஒரே பக்கம் வேலை செய்கின்றன.

அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே, மேட்டின் உச்சியிலேயே, வேகத்தைக் குறைத்து கியரை இறக்கிவிடுங்கள். பாதி வழியில் வேகம் எகிறிய பிறகு கீழ் கியர் கேட்டால் கியர்பாக்ஸ் தராது. அதைவிட முக்கியமானது, சுற்று எல்லை மீறினால் இன்ஜினைக் காப்பாற்றக் கியர்பாக்ஸ் தானாக மேல் கியருக்குப் போகலாம். அப்படிப் போனால் பிடிப்பு இன்னும் குறைந்து வேகம் இன்னும் கூடும்.

இன்ஜின் பிரேக்கோடு சேர்ந்தும் வேகம் மெதுவாகக் கூடிக்கொண்டே போனால், கால் பிரேக்கை விடாமல் லேசாக அழுத்தி வராதீர்கள். நீங்கள் தீர்மானித்த வேகத்தை எட்டியதும் உறுதியாக அழுத்தி, 8 கி.மீ. அளவுக்குக் குறைத்து, முழுவதும் விட்டுவிடுங்கள். மறுபடி அந்த வேகம் வந்ததும் அப்படியே செய்யுங்கள். இந்த இடைவெளிகள் மிக நெருக்கமாக வந்தால், கியர் இன்னும் ஒன்று இறங்க வேண்டும் என்று அர்த்தம்.

மழை, பனி?

ஆஃப் செய்யுங்கள். இன்ஜின் பிரேக் ஓட்டுசக்கரங்களை மட்டும் பிடிப்பதால், வழுக்கும் சாலையில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஏபிஎஸ் வேலைக்கு வந்தால் இன்ஜின் பிரேக்கை விலக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அது வழுக்கிய பிறகு நடப்பது.

பழைய, கணினி இல்லாத இன்ஜின். எக்ஸாஸ்ட் பிரேக் தனியாகப் பொருத்தியது. அதில் என்ன மாற்றலாம்?

ஆக்சிலரேட்டர் இணைப்பில் இருக்கும் சின்ன ஸ்விட்ச்தான் உங்கள் கட்டுப்பாடு. அது பெடல் முழுவதும் விடுபடும் இடத்தில் சரியாக இயங்கும்படி நகர்த்தி வைக்கலாம். முன்னாலேயே இயங்கினால், லேசாக மிதித்திருக்கும்போதும் புகைவழி மூடிவிடும், அது கூடாது. தகட்டில் உள்ள துளையை மாற்றி அழுத்தத்தைக் கூட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அழுத்தம் எல்லை மீறினால் எக்ஸாஸ்ட் வால்வின் ஸ்பிரிங் தாங்காமல் வால்வு தானாகத் திறந்து, பிஸ்டனில் இடிக்கும் அபாயம் வரை போகும். இன்ஜின் நிறுவனம் சொன்ன எல்லைதான் எல்லை.

கம்ப்ரெஷன் பிரேக்கில் சரிசெய்யும் இடைவெளி ஒன்று உண்டு. வால்வு இடைவெளி பார்க்கும்போது அதையும் சேர்த்து மெக்கானிக் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துச் சரி செய்வார். வீட்டில் செய்யும் வேலை அல்ல.

அடிக்கடி பயன்படுத்தினால் இன்ஜினுக்குக் கேடா? டீசல் அதிகம் ஆகுமா?

இரண்டும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது மின்னணு இன்ஜின்களில் டீசல் செலுத்துவதே நின்றுவிடும். இரைச்சல் அதிகமாகக் கேட்பதால் இன்ஜின் சிரமப்படுகிறது என்று தோன்றும். சுற்று எல்லைக்குள் இருக்கும் வரை அது பாதுகாப்பான வேலைதான். குடியிருப்புகள் வழியாகப் போகும்போது கம்ப்ரெஷன் பிரேக்குக்குத் தடை என்று பலகை வைத்திருந்தால் மட்டும் ஆஃப் செய்யுங்கள்.

லாக்-அப், ஏபிஎஸ் நிபந்தனைகளைத் தாண்டி நேரடியாக ஒயர் கொடுத்து இயக்கலாமா?

கூடாது. அந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றும் சக்கரம் பூட்டிக்கொள்வதையோ, இன்ஜின் நின்றுபோவதையோ, கியர்பாக்ஸ் அடிபடுவதையோ தடுக்க வைத்தவை. நிபந்தனை நிறைவேறவில்லை என்றால் அதன் காரணத்தைத் தேடிச் சரிசெய்யுங்கள்.

அமைப்பை மாற்றி வந்த பிறகு எப்படிச் சோதிப்பது?

காரைக் கழற்றிவிட்டு, காய்ந்த, காலியான சாலைக்குப் போங்கள். சமதளத்தில் நடுத்தர வேகத்தில் காலை எடுத்து, பேடில் இலக்கு எண் நீங்கள் கேட்டபடி மாறுகிறதா என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். வேகம் குறையும்போது எந்த இடத்தில் பிரேக் விலகுகிறது, விலகும்போது குலுக்கல் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஸ்விட்சை ஆஃப் செய்ததும் உடனே விலகுகிறதா, ஆக்சிலரேட்டரைத் தொட்டால் விலகுகிறதா என்பதையும் பாருங்கள். அம்புக்குறிகளையும் இப்போதே அழுத்திப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு மிதமான இறக்கம். அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் காரைக் கட்டிக்கொண்டு அதே இறக்கத்தில் இன்னொரு முறை ஓட்டுங்கள். கீழே வந்து நிறுத்தியதும் காரின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் போய், தொடாமல், கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு வீசினாலோ கருகிய வாடை வந்தாலோ துணை பிரேக் கருவி தேவையில்லாமல் அழுத்திக்கொண்டு வந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பெரிய மலைக்குப் போக வேண்டாம்.